ஏழாம் அத்தியாயத்து வாசல் ஆள்

எங்கள் தெருவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர் வந்து வெகு காலமாகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். தையல் கடை வைத்திருக்கிறாளாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வெட்டுவது புத்தகம். ஒரு துறையைக் கரைத்துக் குடித்தவர்கள் எழுதிக் கொண்டுவருகிற தலையணைக் கட்டுகளை, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி ஆக்கி வெளியிடுகிற பதிப்பகம் ஒன்றில் அவள் எடிட்டர். எறும்பு, வரி, கடல், தூக்கம் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் அவளிடம் கேட்கலாம். ஒரு முறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

"கறிக்கடைக்காரன்கூட எலும்பை விட்டுவைப்பான், இந்த அம்மா அதையும் உருவிட்டாங்க" என்று ஒரு பேராசிரியர் படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அடுத்த வருடம் அவர் புத்தகம் நான்கு பதிப்பு கண்டது. இனிப்புப் பெட்டியோடு அதே படியில் ஏறி வந்தார்.

முனைக் கட்டடத்தின் முதல் மாடியில் அவளும் அவள் அக்கா மகளும் குடியிருந்தார்கள். கத்திரி ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குத் தெருவில் வீட்டுக்கு ஒரு கதை இருந்தது. காதல் தோல்வி என்றார்கள். பெண்டாட்டி உள்ள ஒரு பேராசிரியர் என்றார்கள். "அச்சடிச்ச தாள்லயே ஆயிரம் குத்தம் கண்டுபிடிக்கிறவ, ஆம்பளைகிட்ட எத்தனை கண்டுபிடிப்பா" என்று கீழ்வீட்டுக்காரி முடித்து வைத்தாள். இதில் ஒன்றும் உண்மையில்லை என்று பின்னால் தெரிந்தபோது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

அக்கா மகளுக்குப் பல்செட் செய்கிற வேலை. மெழுகில் சின்னக் கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி எடுப்பாள். முடி அளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும். தெருவில் வயதானவர்கள் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணத்தில்தான். அதனால் அவள் பல்லுக்காரி. வாயும் நீளம். கத்திரியை வாயால் வெட்டக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

பல்லுக்காரியின் அம்மா, அதாவது கத்திரியின் அக்கா, எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று யாராவது நூல் விட்டுப் பார்த்தால், கத்திரி ஒரே வாக்கியம் சொல்வாள். "நரம்புத் தளர்ச்சி, ஒருநாள் மாடிப்படியில விழுந்துட்டா." இழுத்துப் பார்த்தாலும் நூல் பிரியாத வாக்கியம். தொழில் தெரிந்தவள் தைத்ததாயிற்றே. பல்லுக்காரியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா போனபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. அதற்கும் முன்பே அப்பா ஒரு பெட்டியோடு வெளியூர் வேலைக்குப் போனவர். வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

கத்திரியின் பதிப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்த அத்தியாயமானாலும் முதல் பக்கத்தில் ஒரு ஆள் வரவேண்டும், அறிவு இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும். உப்பைப் பற்றிய புத்தகமா, முதலில் உப்பு மூட்டை தூக்கி முதுகு வெந்த ஒருவன் வரவேண்டும். அவனுடைய முதுகைப் பார்க்கிற ஆசையில் வாசகன் உள்ளே வந்துவிடுவான். வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வேதியியல் சொல்லலாம். இப்படி நிறுத்தப்படுகிறவருக்கு அவர்கள் பாஷையில் வாசல் ஆள் என்று பெயர்.

வாசல் ஆள் நிஜ மனிதராக இருந்தால் அடையாளத்தை மறைக்க வேண்டுமே. அதற்கும் கத்திரியிடம் சூத்திரம் இருந்தது. "ஊர், தொழில், வயசு. மூணை மாத்தினா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது." புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கெல்லாம் இதை ஓதுவாள்.

யாருக்காக இத்தனை பாடு? பொதுவாசகர் என்று ஒருவருக்காக. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பதிப்பகத்தில் எதற்கெடுத்தாலும் அவர் பேச்சுத்தான். பொதுவாசகருக்குப் புரியாது, பொதுவாசகர் ஓடிவிடுவார் என்று மாமியாருக்குப் பயப்படுகிற மாதிரி பயப்படுவார்கள். கத்திரிக்கு மட்டும் அவர் முகம் தெரியும். வீட்டிலேயே வைத்திருந்தாள். வெட்டி முடித்த அத்தியாயங்களை விடுமுறை நாளில் பல்லுக்காரியிடம் கொடுப்பாள். அவள் காலை நீட்டிக்கொண்டு படிப்பாள். கொட்டாவி வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மறுநாள் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் கத்திரி விழும். பெரிய பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்களின் பாராக்கள் பல்லுக்காரியின் கொட்டாவியில் அடித்துக்கொண்டு போயின. பாவம், அவர்களுக்கு அது தெரியாது.

இப்படியிருக்கும்போது பரம்பரை நோய்களைப் பற்றி ஒரு நரம்பு டாக்டர் புத்தகம் எழுதிக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலும் வேலை, ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை. ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குக் கீழே இரண்டு குறிப்பு போடுவார். பேசும்போதும் அப்படியே. "நல்ல மழை" என்றால், "இந்தப் பக்கம் மட்டும், ஒருவேளை" என்பார். பதிப்பகத்தில் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயராகிவிட்டது.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு அத்தியாயமாக வெட்டிக்கொண்டு வந்த கத்திரி, ஏழாவதின் முதல் பக்கத்தில் கையை எடுத்துவிட்டாள். அன்று மத்தியானம் வேறொன்றும் செய்யவில்லை. டீயும் ஆறிப்போனது.

நாக்கு சுளுக்குகிற மாதிரி நீளமான பெயர் கொண்ட நோய் அது. முப்பதிலோ நாற்பதிலோ ஆரம்பிக்கும். விரல் தானாகச் சொடுக்கும், தோள் தானாகத் தூக்கும். கொஞ்ச நாளில் உடம்பே யாரோ கயிறு கட்டி ஆட்டுகிற மாதிரி ஆடும். பிறகு புத்தி கலையும். ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்க மருந்து உண்டு, நோயை நிறுத்த மருந்து கிடையாது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்க்கிற மாதிரி.

கத்திரியின் அப்பாவுக்கு இருந்தது. குடிகாரர் என்று ஊர் சொன்னது, அவர் குடித்ததே இல்லை. அக்காவுக்கு விழுந்தது. மாடிப்படியில் விழுந்தது உண்மைதான், ஆனால் அது பல வருட ஆட்டத்துக்குப் பிறகு. கத்திரிக்கு விழுந்ததா இல்லையா என்று அவள் சோதித்துப் பார்க்கவே இல்லை. தினமும் காலையில் கண் விழித்ததும் இரண்டு கைகளையும் எதிரே நீட்டிப் பார்ப்பாள். இருபது வயதிலிருந்து அதுதான் அவளுடைய விடியல். அந்தக் கையை இன்னொருவன் பிடிக்கக் கூடாது என்று கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிவிட்டாள். இப்போது ஐம்பத்தாறு. இனிமேல் வருவது அபூர்வம் என்று டாக்டரின் அத்தியாயத்திலேயே இருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று முறை படித்தாள்.

"அவளுக்குச் சொல்லாதடி" என்று அக்கா கேட்டிருந்தாள், நாக்கு குழற ஆரம்பித்த காலத்தில். அக்கா கேட்காவிட்டாலும் இவள் சொல்லியிருக்க மாட்டாள். தெரிந்துகொண்டு வாழ்வது என்னவென்று தெரிந்தவள் அவள். ஊருக்கெல்லாம் அறிவை ஊட்டுகிறவள், சொந்த வீட்டில் ஒரு செய்தியைச் சோற்றுக்குள் பூசணிக்காயாக மறைத்து வைத்திருந்தாள். சின்னப் பூசணிக்காய் இல்லை.

பதிப்பக முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏழாவது படுத்துக் கிடக்கும்மா. தூக்கி உட்காரவை. வாசல் ஆளே இல்லையே."

கத்திரி டாக்டரைக் கூப்பிட்டாள். "சார், ஏழாவதுக்கு ஒரு ஆள் வேணும்."

"இருக்காங்களே மேடம். 'நோயாளி, பெண், நாற்பத்தொன்று.'"

"அது ஆளா சார்? அடையாள அட்டை. நிஜமா ஒருத்தரைக் கொடுங்க, மூணை மாத்திடறேன்."

"என்கிட்ட வர்றவங்க நம்பி வர்றாங்க மேடம். அவங்களைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்த முடியாது." இதற்கு மட்டும் அவர் ஒருவேளை போடவில்லை.

டாக்டர் கொடுக்காததை அவளே கொடுத்தாள். அக்கா தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள், அவளைத் துணிக்கடையில் கெஜக்கோல் பிடிக்கிறவளாக்கினாள். ஊரை மலைமேல் ஏற்றினாள். வயதில் பத்தைக் கூட்டினாள். மூன்றும் ஆயிற்று. பிறகு எழுத உட்கார்ந்தாள், எழுந்தபோது இரண்டு பக்கம் ஆகியிருந்தது. விரல் ஆட ஆரம்பித்ததும் அந்தப் பெண் கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஏன் என்று கேட்டால், "கைக்குக் குளிருது" என்பாள். கொளுத்துகிற வெயிலில். அவளுடைய சின்ன மகள் அதை நம்பி ஓடிப்போய்க் கம்பளி கொண்டுவந்து மடியில் போர்த்துவாள். அம்மா வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பாள்.

அதைப் படித்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதும்மா வாசல் ஆள். யார் இது?"

"கற்பனை" என்றாள் கத்திரி.

"இந்தப் பெண் கற்பனை, எந்த நோயாளியும் அல்ல" என்று டாக்டர் ஒரு வரி சேர்த்தார். கூடவே ஒரு பாராவையும் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் எழுதியிருந்த பாரா அது. 'இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவருக்கு இது பொது அறிவு அல்ல, சொந்தச் செய்தி. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். தனியாக இருக்கும்போது மேலே படிக்க வேண்டாம். தெரிந்துகொள்வதற்கும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் ஒரு டாக்டரிடம் பேசுங்கள்.'

"புத்தகத்தைக் கீழே வைன்னு புத்தகமே சொன்னா நாங்க கடையை மூட வேண்டியதுதான் சார்" என்றாள் கத்திரி. "ஒருத்தருக்காக அத்தனை பேரையும் வாசல்ல காக்க வைக்கிறதா?"

"அந்த ஒருத்தர் இருப்பார் மேடம்."

"இருக்கட்டும். பின்னாடி குறிப்புகள்ல போட்டுடலாம்."

போட்டாள். மேற்கோள் பட்டியலுக்கும் அப்பால், எறும்பு எழுத்தில். அந்தப் பக்கங்களுக்கு எழுதினவரைத் தவிர யாரும் போய்ப் பார்த்ததில்லை. அந்த 'ஒருவர்' என்ற சொல் கண்ணில் படும்போதெல்லாம் அவள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் புரட்ட வேண்டாம் இல்லையா. அந்த ஒருவரின் கைக்குத்தான் இந்த அத்தியாயத்தைக் கொடுக்கவே போவதில்லையே.

அங்கேதான் அவள் சறுக்கினாள். மற்ற அத்தியாயங்களை வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்து பல்லுக்காரியிடம் கொடுத்தாள்.

"சித்தி, ஆறு முடிஞ்சு எட்டு வருது. ஏழு எங்கே, பூனை தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"அது வெறும் கணக்குடி. உனக்குத் தூக்கம் வரும்."

"எனக்குத் தூக்கம் வருதான்னு பார்க்கத்தானே என்னைப் படிக்கவே சொல்றே?"

"இந்த ஒரு தடவை வேணாம்டீ. அவசரம், அச்சுக்குப் போயிடுச்சு."

"பொதுவாசகரை ஏமாத்தாத சித்தி, பாவம் பிடிக்கும்" என்று சிரித்துவிட்டு எட்டாவதைப் புரட்டினாள் பல்லுக்காரி. சிரித்தாளே தவிர, மறக்கவில்லை. வேண்டாம் என்று மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து பார்க்காதவர் யார்? நாங்களாக இருந்தால் அன்றைக்கே மேசை டிராயரைக் குடைந்திருப்போம்.

புத்தகம் வந்தது. கத்திரி தன் பிரதியை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. கேட்டதற்கு, அச்சகத்தில் தாமதம் என்றாள். அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பல்லுக்காரி வேலை செய்கிற இடத்துக்குப் பல்செட் அளவு பார்க்க வந்த ஒரு பெரியவர், பொக்கை வாயைத் திறந்தபடியே அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அளவெடுத்து முடிகிறவரை கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். ஒன்றாம் அத்தியாயத்தைத் திறக்கவில்லை. நேரே ஏழாவது.

நின்றுகொண்டே படித்தாள். அவள் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "நல்லா இருக்கும்மா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று வாயில் வைத்த அளவு அச்சோடு குழறிப் பாராட்டினார். எழுதியது என் சித்தி என்று அவள் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து அந்த அச்சைக் கழற்றினாள். கை ஆடவில்லை. அதைக் கவனித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கையை அப்படிக் கவனித்தாள்.

அன்று கத்திரிக்கு விடுமுறை. காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அதனால்தான் எங்களுக்கும் இவ்வளவு தெரியும். பல்லுக்காரி நேரம்கெட்ட நேரத்தில் வந்து, வழியில் கடையில் வாங்கிய பிரதியைத் துணிமேல் வைத்தாள். நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருந்தது.

"பொதுவாசகர் கொட்டாவி விடல சித்தி."

கத்திரி கையில் இருந்த தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஊரை மாத்தினே. வேலையை மாத்தினே. வயசை மாத்தினே. கம்பளி கொண்டுவர்ற பிள்ளையையாவது வெட்டியிருக்கலாம்ல?"

"உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு..."

"பச்சைக் கம்பளி. ஒரு ஓரம் கருகியிருக்கும். நான் போர்த்திவிடுவேன், அம்மா சிரிக்கும். நல்ல காரியம் பண்றோம்னு நெனைச்சுட்டு இருந்தேன் இத்தனை வருஷமா." குரல் உயரவில்லை. "பாதிக்குப் பாதின்னு போட்டிருக்கே. அது அவர் சொன்னதா, நீ வெட்டினப்புறம் மிஞ்சினதா?"

"அவர் சொன்னதுதான்."

"நடுவுல ஏதாவது ஒருவேளை இருந்துச்சா? எடுத்துட்டியா?"

"இதுல எடுக்கலடி."

"உனக்கு?"

"தப்பிச்சுட்டேன்னு நெனைக்கிறேன். தெரியாது. தினம் கையைப் பார்த்துப் பார்த்தே என் காலம் போயிடுச்சு. அது உனக்கு வேணாம்னுதான் சொல்லல. அதை உன் கையில கொடுக்கக் கூடாதுன்னு..."

"கொடுக்கக் கூடாதுன்னு மூவாயிரம் பிரதி போட்டியா?"

அடுத்தவர் வாக்கியத்தை ஆயிரம் விதமாகத் திருத்துகிறவளுக்குத் தன் வாயில் ஒரு வாக்கியம் கூடிவரவில்லை. பல்லுக்காரி அவள் எதிரே உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். இருவருமாக அத்தனையும் மடித்து முடித்தார்கள். எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டாலும் ஓடுகிற தெரு இது. அன்று சத்தமே இல்லாததால் யாருக்கும் ஓடத் தோன்றவில்லை.

பின்குறிப்பில் ஒளித்து வைத்திருந்த பாராவைப் பல்லுக்காரி எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. கண்டுபிடித்து, அது சொன்னபடியே டாக்டரிடம் போனாள். உடனே சோதித்துவிட மாட்டார்களாம். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டுமா என்று பல தடவை கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்களாம். பிறகுதான் ரத்தம் எடுப்பார்களாம். ஒவ்வொரு தடவையும் கத்திரி கூட வருகிறேன் என்றாள். ஒவ்வொரு தடவையும் பல்லுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனாள்.

முடிவு சொல்கிற நாள் வந்தது. கத்திரி அன்று அலுவலகம் போகவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தாள். நாங்களும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நின்றிருந்தோம். பல்லுக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் ஒரு கிலோ வெங்காயம். முகத்தைப் பார்த்தோம். வெங்காயம் வாங்கி வருகிற முகம்தான்.

உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு டம்ளர்.

"வந்துடுச்சு சித்தி."

"என்னடி?"

"சொல்ல மாட்டேன்."

கத்திரி கெஞ்சினாள். அவள் கெஞ்சி நாங்கள் கேட்டதில்லை. "என்னைக் கொன்னுடுடீ. ஆனா சொல்லிடு."

"நீ எனக்காக உனக்குள்ளேயே வச்சிருந்தே. இதை நான் உனக்காக எனக்குள்ளேயே வச்சுக்கறேன்." டீயை ஊதிக் குடித்தாள். "வேணும்னா மூணை மாத்திச் சொல்லட்டுமா?"

மறுநாள் கத்திரி டாக்டருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றுக்கும் குறிப்பு போடுகிற மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "என்கிட்ட வர்றவங்க நம்பி வர்றாங்க மேடம்."

புத்தகம் நன்றாகப் போனது. எல்லாரும் ஏழாவது அத்தியாயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கண்கலங்கினோம் என்று எழுதிய கடிதங்களை முதலாளி அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தார். இரண்டாம் பதிப்புக்கு அந்தப் பாராவைக் கத்திரியே பின்னாலிருந்து எடுத்து, வாசல் ஆளுக்கும் முன்னால், தனிப் பக்கத்தில் போட்டாள். "முதல் பக்கத்துலயே ஓடிடுன்னு சொல்றோமேம்மா, பொதுவாசகர் என்ன நெனைப்பார்?" என்றார் முதலாளி. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இப்போதும் இருவரும் அந்த முதல் மாடியில்தான் இருக்கிறார்கள். பல்லுக்காரி வேலைக்குப் போகிறாள், பல் செதுக்குகிறாள், எங்களிடம் வாயடிக்கிறாள். கத்திரி கையெழுத்துப் படிகளை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. காலையில் தன் கைகளை நீட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். பார்க்க வேண்டிய கை இப்போது வேறு. பல்லுக்காரி டம்ளரை எடுக்கும்போது, சட்டைப் பித்தானைப் போடும்போது, பூட்டில் சாவியை நுழைக்கும்போதெல்லாம் கத்திரியின் கண் அங்கேதான். நாங்களும் பார்க்கிறோம், மறைப்பானேன். கடையில் சில்லறை வாங்குகிற சாக்கில், பையை வாங்கி வைக்கிற சாக்கில். இந்தத் தெருவில் எங்களுக்குத் தெரியாத செய்தி என்று இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. வாயைக் கிண்டிப் பார்த்தாயிற்று, அந்தக் கை எதுவும் சொல்கிற மாதிரி இல்லை.

போன வாரம் சாயங்காலம் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருந்த பல்லுக்காரி நடுவில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் நுழைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். கத்திரி திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காமலே அவள் முகத்தில் கேள்வி இருந்தது.

பல்லுக்காரி அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். "கைக்குக் குளிருது சித்தி."

கத்திரி எழுந்து உள்ளே போனாள். கம்பளியோடு திரும்பி வந்து அவள் மடியில் போர்த்திவிட்டாள்.

அன்றைக்கு உண்மையிலேயே குளிர்தான்.